பரிசத்துக்குத் தைத்த ஜாக்கெட்

அன்பு மகள் விஷாலினிக்கு, புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள், சுகத்துக்காகத்தானே அங்கே போனீர்கள். இங்கே அப்பாவும் உன் தம்பி ஜீவனும் நலம்.

என் கழுத்துக் கட்டியைப் பற்றி ஜீவன் போனில் பாதிதான் சொல்லியிருப்பான். தைராய்டில் புற்றுநோய், அது சுரப்பியோடு நிற்காமல் கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்க்குள் புகுந்து விரல் நீளத்துக்கு இறங்கியிருக்கிறதாம். சுரப்பியை முழுதாக எடுத்து, குழாயைத் திறந்து உள்ளே இருப்பதை உருவி, கெட்ட துண்டை வெட்டிக் கட்டிவிடுவார்களாம். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கக் குழாய் போதும் ஆன்ட்டி, ஆனா குரல் நரம்பும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். போன வருசமே வந்திருந்தால் சுரப்பியோடு முடிந்திருக்குமாம். ஏன் வரவில்லை என்று கேட்டார். அங்கே உன் பெயரைச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். கிளினிக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியது நீதான். பொண்ணு வீட்டுல சீக்குன்னு பேசுவாங்கம்மா, கல்யாணம் முடியட்டும் என்றாய். பரிசத்தன்று கழுத்தை மூடி ஜாக்கெட் தைத்துப் போட்டு, அந்தப் புழுக்கத்தில் என்னை உட்கார வைத்தாய். தாலி ஏறியது, விசா வந்தது, நீ போய்விட்டாய், கடிதம் பீரோவிலேயே கிடந்தது. இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. மகள் வாழ்க்கை என்று நானும் திறக்கவில்லை, அந்தப் பைத்தியக்காரத்தனம் என்னுடையது.

நேற்று உன் மாமியார் நாகமணி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கழுத்தில் போட்டிருந்த பட்டைச் சங்கிலியை நகர்த்திக் காட்டினார். அடியில் நீளமாகத் தழும்பு. பத்து வருசத்துக்கு முன்பே அவருக்கும் தைராய்டை அறுத்து எடுத்திருக்கிறார்கள். பரிசத்தன்னைக்கு நீங்க பாத்துருவீங்களோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன் சம்பந்தி என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு அந்த ஜாக்கெட்டைக் கிழித்து மோட்டார் சைக்கிள் துடைக்க ஜீவனிடம் கொடுத்தேன்.

நீ டிக்கெட் போட வேண்டாம், ஆஸ்பத்திரி பாரத்தில் ஜீவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். உன் கழுத்தையும் அங்கே டாக்டரிடம் காட்டு, உனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட வாழ்க்கை நிலைக்க என் ஆசீர்வாதம் உண்டு. நீ தினமும் போன் அடித்து அழுவது தெரியும். எடுக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு இன்னும் எட்டு நாள். இருக்கிற குரல் உன் அப்பாவைத் திட்டவும் ஜீவனைச் சாப்பிடக் கூப்பிடவும் வேண்டும். உனக்கு ஆறுதல் சொல்லி அதைத் தீர்க்க எனக்கு மனசில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
இராஜம்மா