நீ கேட்ட காரவன்

மச்சான்,

எங்கள் தொழிற்சாலையில் போன கிழமை சோப்பை மாற்றிவிட்டார்கள். எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கிற பழைய பசையைத் தூக்கிவிட்டு, ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிற அந்த ரோசாநிறத் திரவத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். இன்று மத்தியானம் சாப்பிடப் போக முதல் அதை உள்ளங்கையில் அமுக்கினேன். மணம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவன் என்ன சுகமில்லையா என்று கேட்டான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு கடுதாசியை எடுத்து இதை எழுதுகிறேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உன்னைப் பேசித் தீர்க்க வேறு வழி எனக்கு அகப்படவில்லை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் நீ வாடகைக்கு இருந்த அறை எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். ஒருநாள் கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன். முகடு முட்ட அட்டைப்பெட்டிகள். "என்னடா இது?" என்றேன். "கடைச் சாமான்" என்றாய். அப்போது பெற்றோல் ஸ்ரேசனில் என்னோடு ஷிப்ட் செய்தவனுக்கு என்ன கடை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளில் இருந்தது உன் உயிர். உன் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிற்பாட்டிவிட்டன. பெட்டிகளுக்குள் கிடந்த பைகளின் திரவத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, சில மணித்தியாலம் வைத்திருந்து, வடியவிட்டு, புதுப் பை ஏற்ற வேண்டும். நாளுக்கு நாலு தரம். ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம், கதவு சாத்திய சுத்தமான இடம், தேய்த்துக் கழுவிய கை. இதை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. உன் தங்கச்சி வதனிக்கும் சொல்லவில்லை.

ஏனென்றால் வதனிக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். குறிப்புப் பொருந்தினால் அடுத்த கேள்வி, பொம்பிளை வீட்டில் ஆருக்கு என்ன வருத்தம் என்பது. சீனி வருத்தம் என்றால் மன்னிப்பார்கள், அது எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. கிட்னி என்றால் "பரம்பரையில ஓடுதாம்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு கனடாவுக்குப் போகும். சம்பந்தம் அதோடு சரி. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். இங்கே அவளுக்கு நீ, குட்மேய்ஸில் சித்தப்பாவும் சித்தியும். நீ போட்ட திட்டம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்குகிறபடியால்தான் பத்திக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கா? சித்தப்பா வீட்டு முன்னறை. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கனடாவிலிருந்து கோடைக்கு வருகிறார்கள், ஸ்கொட்லாந்து பார்க்க வேண்டுமாம், தாய்க்காரி வெளிச்சாப்பாடு வாயில் வைக்கமாட்டாவாம். அப்ப குசினியோடு போகிற வாகனம் ஒன்றைப் பங்கு போட்டுப் பழசாக வாங்குவோம் என்று சித்தப்பா தொடங்கினார். இஞ்சினோடு தானே ஓடுகிற மோட்டர்ஹோமா, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற காரவனா என்பதுதான் கேள்வி. நீ வாய் திறந்தாய்.

"காரவன்தான் நல்லம்."

"ஏன்?" என்றேன்.

"போய் நிண்ட இடத்தில காரவனைக் கழட்டி விட்டிட்டு, காரில போய் பால் வாங்கலாம்."

"பால் வாங்கிறதுக்கு ஒரு வீட்டைக் கட்டி இழுக்கப் போறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உசார் ஏறிவிட்டது. படித்த இஞ்சினியர் படிப்பைக் காட்ட ஒரு முன்னறையும் தேத்தண்ணியும் கிடைத்தால் நான் விடுவேனா? பக்கக்காற்று அடித்தால் காரவன் பாம்பு மாதிரி நெளியும் என்றேன். பாரத்தைப் பிழையாக ஏற்றினால் காரின் பின்பக்கத்தையே தூக்கி ஆட்டும் என்றேன். ரிவேர்ஸ் எடுக்கேக்கை ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும், இவன் பெற்றோல் பம்பையே ரெண்டு தரம் முட்டினவன் என்றேன்.

"அதோட, ஓடேக்க காரவனுக்குள்ள ஒருத்தரும் இருக்கேலாது. சட்டம்."

"ஓம், இருக்கேலாதுதான்" என்றாய். நான் சொன்ன குறைகளிலேயே அந்த ஒன்றுக்குத்தான் உன் முகம் வாடவில்லை.

சித்தப்பா தன் பங்கைப் போட்டார். "கோயிலில பூசை செய்யேக்க காருக்கு நாலு சில்லு, காரவனுக்கு ரெண்டு. ஆறு தேசிக்காய் நசிக்கோணும். மோட்டர்ஹோமெண்டா நாலோட முடிஞ்சுது. அதிலயும் லாபம்."

நீ விடவில்லை. "வழியில சமையல் என்ர பொறுப்பு. எங்கையாவது நிப்பாட்டினா நீங்களெல்லாம் இறங்கிக் காத்து வாங்குங்கோ. நான் காரவனுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு அரை மணித்தியாலத்தில சோறு கறி தாறன்."

தேத்தண்ணி கொண்டுவந்த வதனி அதில் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீங்கள் சமைச்சதைச் சாப்பிட்டா கனடாக்காரர் அடுத்த பிளைற்றிலயே திரும்பிப் போயிடுவினம்."

"சமைக்கிறதுக்கு ஏனடா கதவைச் சாத்தோணும்?" என்று கேட்டேன்.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "கறி மணம் வெளியில போனா வெள்ளைக்காரன் முறைப்பான்" என்றாய். அதற்கும் சிரித்தோம். சித்தப்பா தொடையில் தட்டி எழும்பினார். "சரி, இஞ்சினியர் சொல்லிப்போட்டார். மோட்டர்ஹோம்தான்." எங்கள் ஆட்களுக்கு இது ஒரு நோய். இஞ்சினியர் என்றால் பாலமும் தெரியும், பல்லுவலியும் தெரியும், ஸ்கொட்லாந்துப் பயணமும் தெரியும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கேள், மச்சான். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் ஆராவது வந்து மோட்டர்ஹோமா காரவனா என்று கேட்டால் நான் அதையேதான் சொல்கிறேன். பிழை விட்டது நீ. என்ன தேவை என்று சொல்லாமல் பொருளை மட்டும் கேட்டாய். எந்த வடிவமைப்பும் தேவையில்தான் தொடங்குகிறது, இதை முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தருகிறார்கள். "எனக்கு ஆளில்லாத, பூட்டக்கூடிய, தண்ணீர் வருகிற ஒரு அறை வேணும், அது பயணம் முழுக்க என்னோடு வரவேணும்" என்று என் காதில் மட்டும் சொல்லியிருந்தால், காரவன் என்று நானே மேசையில் அடித்திருப்பேன். காற்று, ரிவேர்ஸ், தேசிக்காய் எல்லாவற்றுக்கும் நானே மறுமொழி கண்டுபிடித்திருப்பேன். நீ பால் வாங்கப் போகிற கதை சொன்னாய். என்னை ஒரு முன்னறை முழுக்கச் சிரிக்கவைத்து வெல்லவிட்டாய்.

வெளிக்கிட்டோம். மனோர் பார்க்கில் என் வீட்டு வாசலில் ஏற்றியது தொடக்கம் அந்த வாகனத்துக்குள் ஒரு கலியாண வீடே இருந்தது. கனடா அம்மா, கனடா ஐயா, சித்தப்பா, சித்தி, வதனி, நீ, நான். பின்பக்கத்தில் ஒரு சின்னக் கழுவுமறை. மடிகிற பிளாஸ்டிக் கதவு, பிடிக்காத கொளுக்கி. நீ உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் ஆராவது தட்டுவார்கள். முதல் நாளே கனடா அம்மா அக்கறையாகக் கேட்டா: "தம்பிக்கு வயித்துக் குழப்பமோ? வெந்தயம் கொண்டந்தனான், ஊறப்போட்டுத் தரட்டோ?" நீ பையைத் தொடாமலே வெளியே வந்தாய். "ஒண்டுமில்லை அம்மா" என்று சிரித்தாய். தண்ணி குடிக்கச் சொன்னால் விரதம் என்றாய். பின்னேரம் உன் சப்பாத்து வீங்கின காலில் ஏறவில்லை, செருப்போடு இருந்தாய். நான் அதையும் பகிடி பண்ணினேன்.

இரண்டாம் நாள், ஸ்கொட்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஸ்ரேசன். நீ தோள்பையோடு கழிவறைக்குப் போனாய், வரவில்லை. எல்லோரும் வாகனத்துக்குள் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை என்ற ஒன்று எப்போது இருந்தது? போய்க் கதவை உலுப்பினேன். பூட்டு உடைந்த கதவு, திறந்துகொண்டது.

கோட்டு மாட்டுகிற கொளுக்கியில் ஒரு பை தொங்கியது. அதிலிருந்து குழாய் உன் சேட்டுக்குள் போனது. கீழே, ஈரமான தரையில் விரித்த துவாயில், இன்னொரு பை. தண்ணித் தொட்டியின் மூடியில் அந்த ரோசாநிறச் சோப்புப் போத்தல். அந்த இடம் நாறியது. அந்த நாற்றத்துக்கு மேலே சோப்பு மணத்தது.

"கதவைச் சாத்தடா. கிருமி வரும்" என்றாய். உன் முதல் வசனம் அதுதான்.

சாத்தினேன். பூட்டு இல்லாதபடியால் முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன். நீ சொன்னாய், நான் கேட்டேன்.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசமாகுது."

"உனக்கு என்ன விசரா? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!"

"உன்ர வாய் எனக்குத் தெரியாதோ? சித்தப்பா ஒரு கேள்வி கேட்டா, உள்ளதெல்லாம் கொட்டிப்போடுவாய்."

"டொக்டர்மார் என்ன சொல்லுகினம்? வேற கிட்னி மாத்தேலாதோ?"

"சகோதரம் ஆராவது ஒண்டு தந்தா நல்லதெண்டவை."

"அப்ப வதனியிட்டக் கேளன்."

உன் முகம் மாறியது. "இவளின்ர இடுப்பில ஒரு முழத்துக்கு வெட்டுக்காயம் கிடந்தா எந்தத் தாய் தன்ர மகனுக்கு எடுக்கும்? வெந்தயத்தோட இருக்கிறாவே அந்த மனிசி, அவ எடுப்பாவோ?"

"அவ எடுப்பாவோ இல்லையோ, வதனியிட்ட ஒருக்கால் கேட்டுப் பார்."

"கலியாணம் முடியட்டும். நீ ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். குழாய் குத்திய ஒருவன் கேட்கும்போது என்ன செய்ய? நாங்கள் திரும்பி வர, "என்ன தம்பிமார், இவ்வளவு நேரம்?" என்று கனடா ஐயா கேட்டார். சில்லுகளுக்குக் காத்துப் பார்த்தனாங்கள் என்றேன். இஞ்சினியர் சொன்னால் நம்புவார்கள். பயணம் முடியும்வரை நம்பினார்கள். ஸ்கொட்லாந்து எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கழிவறைக் கதவுகளின் வெளிப்பக்கம்தான் தெரியும்.

திரும்பி வந்து சில கிழமையில் உன் வயிற்றுக்குள் கிருமி பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஊருக்கு அல்சர் என்றாய். நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து அந்த அல்சருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை லண்டனுக்கே வந்து வேலை எடுத்தார். நல்ல மனிதர். மோட்டர்ஹோமைச் சித்தப்பா விற்றுவிட்டார். "இனிச் சொல்லு" என்றேன். "புதுசாக் கட்டினவள், இப்பவே போய்க் கேக்கிறதோ?" என்றாய். பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். "பிள்ளை பிறக்கட்டும்." பிள்ளை பிறந்தது. "பால் குடுக்கிறவளை வெட்டச் சொல்லுறியோ?" மான் மாதிரி ஒவ்வொரு வேலியாகத் தாண்டினாய். நான் கத்தினேன், தூசணத்தால் பேசினேன், ஒருநாள் உன் அறைப் பெட்டிகளைக் காலால் உதைத்தேன். நீ அவற்றைத் திரும்ப அடுக்கினாய். "எனக்கு இது பழகிப்போச்சு" என்றாய். பழகினது உனக்கு. உன் வயிற்றுக்குப் பழகவில்லை. அந்தக் குளிர்காலம் கிருமி திரும்பவும் வந்தது, இந்தமுறை போகவில்லை.

செத்தவீட்டில் "நெஞ்சுவருத்தமாம், திடீரெண்டு" என்று ஆளுக்காள் சொன்னார்கள். அந்தக் கதையையும் நீதான் முன்கூட்டிச் செய்து வைத்திருந்தாயோ தெரியாது. முப்பத்தொண்டாம் நாள் சடங்கு வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பாடு முடிந்து ஆட்கள் முன்னறையில் வெற்றிலை போட, வதனி குசினியில் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள், பைகள், பெற்றோல் ஸ்ரேசன், நீ ஏன் காரவன் கேட்டாய் என்பது, டொக்டர் சொன்னது, நீ அவளிடம் கேட்காமல் விட்டது. சத்தியத்தை முறித்தேன். முறித்ததற்கு எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. அவளுக்குச் சொந்தமான ஒரு முடிவை அவளுக்குத் தெரியாமல் நீ எடுத்தாய். பாசம் என்று நீ அதற்குப் பெயர் வைத்திருப்பாய். எனக்கு அது களவு.

அவள் அழவில்லை. பைப்பை நிற்பாட்டினாள். கையைச் சீலையில் துடைத்தாள். நான் அங்கே நிற்பதையே மறந்தவள்போல் யன்னல் பக்கம் திரும்பி, நீ அந்த யன்னலுக்கு வெளியே நிற்கிற மாதிரி, உன்னைக் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு ரெண்டு கிடக்கே."

அவ்வளவுதான். பிறகு சட்டியை எடுத்துத் திரும்பவும் தேய்க்கத் தொடங்கினாள்.

மச்சான், அந்த வசனம் உனக்கு. விலாசம் உன்னுடையது. வாங்குவதற்கு நீ இல்லாதபடியால் அது என்னிடம் கிடக்கிறது. வேலையில், பஸ்ஸில், சாப்பிட உட்காரும்போது, அது என்னோடுதான் வருகிறது. கீழே வைக்க ஏலவில்லை, ஆருக்கும் கொடுக்கவும் ஏலவில்லை.