மச்சானுக்கு நெய் குறைய வேண்டாம்

பூவாத்தா,

நீ வயலுக்குப் போயிருக்கற நேரத்துல கெளம்பறேன். சாவி அட்டாலி மேல, உப்புச் சட்டிக்குப் பின்னால இருக்குது.

மத்தியானம் உங்கண்ணன் சாப்பிட வருவாரு. நம்ம சித்தூர் பாஸ்கட்பால் டீமுக்குக் கோச்சா இருந்த வரைக்கும், மேட்ச் அன்னைக்கு நம்மூட்டு அரிசிம்பருப்புச் சோறுதான் அவருக்கு. இப்பக் கஞ்சிக்கோட்டு டீமுக்குப் போயி, இன்னைக்கு நம்ம டீமையே எதுத்து நிக்கறாருங்கறதுக்காக அதை மாத்த வேண்டாம். நெய் தாராளமா ஊத்து. "அந்த மனுசனுக்குப் பச்சத்தண்ணிகூடக் குடுக்காத"ன்னு நேத்து நான் கத்துனது கோவத்துல.

அவரு மூஞ்சில முழிக்கப் புடிக்காம ஓடறேன்னு நெனச்சுக்காத. சாப்பிட்டதும் அவரு புளியங்கொட்டையைத் தரையில பரப்பி, எவன் எங்க நிக்கோணும், பந்து யாருகிட்டப் போகோணும்னு நகர்த்திப் பாப்பாரல்ல? நான் ஊட்டுல இருந்தா எட்டிப் பாத்துருவேன். நீ பாத்தாலும் எங்கிட்டச் சொல்லாத. அவரு சொல்லிக் குடுத்த ஆட்டத்தை ஆடியே நம்ம பசங்க அவரை ஜெயிக்கட்டும்.

தயிரை மூடி வை, பூனை சுத்துது. சாயங்காலம் மேட்சுக்கு வந்துரு.

இன்னொண்ணு. நான் சித்தூர்ப் பக்கந்தான் உக்காருவேன், தொண்டை கிழியக் கத்தவும் செய்வேன். ஆனா கூடையில பந்து விழுந்தா உடனே திரும்பி நம்ம ரெண்டு பேரையும் பாத்துப் பழகுன மனுசன் அவரு. நீ கஞ்சிக்கோட்டுப் பக்கம் போயி உக்காந்துக்க. அவரு திரும்பறப்ப அங்க நம்மூட்டு ஆளு ஒருத்தராவது இருக்கோணும்.