செம்புக் கழுத்துச் சேவல்

சேவலை விலைக்குக் கேட்டு வந்தவன் இன்று காலை என் கண் முன்னாலேயே கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதன் கழுத்து இறகில் அழுத்தித் தேய்த்தான். பிறகு விரலை வெயிலில் காட்டி, நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். டவுனில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறானாம். பங்களா வாசலில் அழகுக்கு விட ஒரு சேவல் வேண்டுமாம். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

நீ போய் மூன்று வருஷமாகிறது, உன் கோழிகள் இப்போது என் புழக்கடையில்தான். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? வீட்டில் இருப்பவர்களிடம் சொன்னால் ஒரு கோழிக்காகவா இத்தனை ஆத்திரம் என்பார்கள். ஆமாம், ஒரு கோழிக்காகத்தான்.

பெருமாநல்லூரில் நம் தெருவுக்கு நாம் இருவரும் ஒரே வைகாசியில் வாக்கப்பட்டு வந்தோம். என் வீட்டில் தறி. உன் வீட்டுக்காரருக்கு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. தறிக்காரர்களுக்குச் சாய நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பது உன் வேலை. அதனால் உன் விரல்கள் ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், மறுவாரம் நீலமாக இருக்கும். எந்தச் சீயக்காய்க்கும் அது போகாது. கல்யாண வீட்டில் பரிமாறும்போது சிலர் உன் கையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நீ அவர்கள் இலையில்தான் இன்னொரு கரண்டி சேர்த்து வைப்பாய்.

அவிநாசிபாளையத்தில் ஒறம்பரை, உன் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குழம்புக்கென்று காலைக் கட்டிப் போட்டிருந்த கறுப்புக் கோழியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இதை அடிச்சீங்கன்னா நான் கை நனைக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டாய். விருந்துக்கு வந்தவள் பேசுகிற பேச்சா அது? அன்று எல்லோரும் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டோம். கோழி உன் மடியில் பஸ் ஏறி வந்தது.

உடம்பெல்லாம் வெயிலில் பச்சை ஓடுகிற கறுப்பு. கழுத்து மட்டும் செம்பு. அந்த நிறத்தை நிலைநிறுத்த ஆறு வருஷம் பாடுபட்டாய். புளி போட்டு விளக்கிய செம்புக்குடத்தை வாசலில் வைத்து, ஒவ்வொரு விடலைச் சேவலையும் அதன் பக்கத்தில் பிடித்து, காலை வெயிலில்தான் பார்ப்பாய். உச்சி வெயில் எல்லாக் கழுத்தையும் அழகாக்கிவிடும் என்பாய். வைக்கோல் நிறத்துக்கு வெளுத்தது கழிவு, மார்பில் சிவப்பு அதிகம் சிந்தியது கழிவு. ஒரு வருஷம் நடையிலும் எடையிலும் ராஜா மாதிரி ஒரு சேவல் வந்தது. இறக்கைக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளை இறகு. பிடுங்கிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"அதோட குஞ்சுக்குத் தெரியும் புள்ள" என்றாய். ராஜா குழம்புக்குப் போனது. நீ அதில் ஒரு துண்டு கூடத் தொடவில்லை.

அப்புறம் அந்தச் சித்திரை. மடத்துக்குளம் பக்கம் கோயில் நோம்பித் திருவிழாவை ஒட்டிக் கோழிக் கண்காட்சி என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். தீர்ப்புச் சொல்ல வந்தவர் சீமை வெள்ளைக் கோழிப் பண்ணை வைத்திருந்த பெரிய மனிதர். உன் சேவல் முன்னால் நின்றவர் அதைவிட அதிக நேரம் உன் கையைப் பார்த்தார். அந்த வாரம் சிவப்பு நூல்.

"கையில என்னம்மா?"

"சாய நூலுங்க. எங்க ஊட்டுல சாயப்பட்டறைங்க, தார் சுத்தறேனுங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? சாயப்பட்டறைச் சேவல்! நாட்டுக்கோழிக்குப் பொறப்புல இந்த நெறம் வராது."

நீ அழவில்லை. டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் வாங்கி வந்து, அத்தனை பேர் முன்னால் சேவலின் கழுத்தை நுரைக்கக் கழுவினாய். என் வெள்ளைத் துண்டால் துடைத்து, விரித்துக் காட்டினாய். துண்டு வெள்ளையாகவே இருந்தது. அவர் அப்போதும் விடவில்லை. "கெட்டிச் சாயம்! உங்க ஊட்டுக்காரரு நல்ல வேலைக்காரரு" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"தண்ணியில போகாத சாயம் இருக்குதுங்க. முட்டைக்குள்ள போற சாயம் இருக்குதுங்களா?" என்று கேட்டாய். "முட்டை தர்றேன். உங்க கோழியிலயே அடை வெச்சுப் பாருங்க." கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அந்த வாரமே ஒன்பது முட்டைகளை உமிக்கூடையில் வைத்து நாம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆனால் பேச்சு நமக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. சாயத்துக்கு நூல் கொண்டுவந்தவர்கள், சேவலுக்குப் போட்ட சாயத்தையே இதற்கும் போடச் சொல்லிக் கேலி பேசினார்கள். உன் வீட்டுக்காரருக்குப் பட்டறையின் பேர்தான் உயிர். "ஆடிப் பதினெட்டு நோம்பிக்குள்ள அந்தாளு வாயால சாயமில்லைன்னு வரோணும். இல்லாட்டி அத்தனையும் கொழம்புதான்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நாம் இருவரும் அதைப் பற்றி அப்புறம் ஒருநாளும் பேசியதில்லை. ஊர் பேசப் பேச எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆறு வருஷம் கூடவே இருந்து பார்த்தவளுக்கு! ஒரு மத்தியானம் நீ தார் சுற்றிக்கொண்டிருந்தபோது புழக்கடைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த கொடாப்புக் கூடையைத் தூக்கிச் சேவலைப் பிடித்து, கட்டைவிரலில் எச்சில் தொட்டு அதன் கழுத்தைத் தேய்த்தேன். நிமிர்ந்தால் தவிட்டுத் தட்டோடு நீ நிற்கிறாய்.

"வந்துச்சா?" என்றாய்.

"இல்ல புள்ள."

"நல்லாப் பாத்துக்கோ. இன்னொருக்காத் தேச்சுப் பாரு." தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் தேய்க்க வசதியாகச் சேவலை நீயே பிடித்துக் கொடுத்தாய். நான் ஓடிவிட்டேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டாயே, அதற்கு உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வைகாசிக் கடைசியில் சேதி வந்தது. மடத்துக்குளத்தில் ஒன்பதில் எட்டு முட்டை குஞ்சு பொரித்துவிட்டது, எட்டுக்கும் வயிறு வெள்ளை, இறக்கை நுனியும் வெள்ளை. திருட்டு வெளுத்துவிட்டது என்று தெருவே பேசியது. உன் வீட்டுக்காரர் ஆடி வரைக்கும் காத்திருக்கவில்லை, அரிவாளோடு புழக்கடைக்குப் போனார்.

"கறுப்புக்குஞ்சு அப்படித்தானுங்க பொறக்கும். அந்தத் தூவி உதுந்து, பொறகுதான் கறுப்பு வரும்" என்று நீ சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். ஆறு வருஷமும் உன் குஞ்சுகளின் வெள்ளை வயிற்றை நானும்தானே பார்த்திருந்தேன்? அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோழிகளைக் கூடையோடு தூக்கி எங்கள் வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ஏனுங்ணா, அருவாளோட எங்க ஊட்டுக்குள்ள வர்றதுன்னா வாங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், மறுபடி தறி நாடாவை ஓட்டினார். ஏறக்குறைய இரண்டு மாதம் அவை எங்களோடு குடியிருந்தன. தறியில் ஏற்றியிருந்த ஒரு பாவு நாசமானது. போகட்டும்.

ஆடி நோம்பிக்கு முந்தின நாள் உன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு மடத்துக்குளம் போனோம். பண்ணையின் வெள்ளைக் கோழிகளுக்கு நடுவே எட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. வயிற்றில் பேருக்கு ஒரு வெள்ளை இல்லை. நான்கு விடலைச் சேவல்களின் கழுத்தில் அப்போதுதான் செம்பு துளிர்த்திருந்தது. பெரிய மனிதர், இதெல்லாம் முட்டை அதிகம் இடாது, வளர்த்து லாபமில்லை என்று ஆரம்பித்தார்.

"முட்டைக் கணக்குக் கேக்கலீங்க. சாயமா, இல்லீங்களா?"

"இல்லை."

"சித்தச் சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்குச் சத்தமாத்தானுங்க சொன்னீங்க."

அவருடைய ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "சாயமில்லைம்மா!" என்றார், எரிச்சலோடு. உன் வீட்டுக்காரர் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. ஒரு விடலையைத் தூக்கி, கழுத்து இறகை விரல்களில் விரித்து, பட்டறையில் நூலைப் பார்க்கிற மாதிரி வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நெறத்தை என்ற சாயத் தொட்டியில எடுக்க முடியாதுங்க" என்றார். மறுநாள் நம் இரண்டு வீட்டிலும் கத்தரிக்காய்க் குழம்புதான்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்டினோம். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. சொந்தக்காரி ஒருத்தி தேங்காய் நார் எடுத்து உன் விரலைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். சாவு வீட்டில் சண்டைக்காரி என்று பேர் வந்தது. வரட்டும். நீ சாயக் கையோடுதான் போனாய்.

இன்று காலை வந்தவன் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாயமில்லீங்களே?" என்று வேறு கேட்டான். அவன் விரலைப் பார்த்தபோது என்னுடையதுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் அவனைத் துரத்தவில்லை. சேவல் கொடுக்க மாட்டேன் என்றேன். உள்ளே போய் ஏழு முட்டைகளை உமிக்கூடையில் வைத்து எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"ஏனுங்கம்மா, சேவலைக் கேட்டா முட்டையைத் தர்றீங்க?"

"அடை வெச்சுப் பாருங்க. சாயமா இல்லீங்களான்னு உங்களுக்கே தெரியும்."

காரில் கூடையை மடிமேல் வைத்துக்கொண்டு போனான். குஞ்சுகள் வெள்ளை வயிற்றோடு பிறக்கும் என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.