பூஜையில் இருந்த ஸ்பேனர்

29.9.2025, திங்கள். இராஜபாளையம்.

காரின் இன்ஜினோடு சேரும் புகைக்குழாய் விரிசல் கண்டுவிட்டது. வெளிச்சந்தையில் வாங்கிய புதிய குழாயை மகன் பாண்டிதுரை தன் பட்டறையில் பொருத்துகிறான்; ஹெட்டர் என்கிறான். ஆக்சிஜன் சென்சாருக்கான துளை அதில் சற்றுத் தள்ளி இருப்பதால் ஒயர் எட்டவில்லை. நீட்டிப்பு ஒயர் மதுரையிலிருந்து வர வேண்டுமாம்.

“அந்தச் சென்சார் என்னதான் செய்யும்?” என்றேன்.

“புகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடுதலா கொறச்சலான்னு இன்ஜினுக்குச் சொல்லும்ப்பா.”

என் மனைவி சுந்தரம்மாள் விடவில்லை. “அப்படியே ஒங்கப்பா மூக்குதான். அடுப்படிக்கு வராமலே உப்புக் கூடிருச்சும்பாக.”

1.10.2025, புதன். ஆயுத பூஜை.

ஒயர் காலையில் வந்தது. பாண்டிதுரை சென்சாரைத் துளையில் கையால் முறுக்கி முடிப்பதற்குள் நான் கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் இட்டுப் படைத்துவிட்டேன்.

“அப்பா, செத்த நேரம். அந்த ஸ்பேனர மட்டும் எடுத்து ஒரு இறுக்கு இறுக்கிட்டு வச்சிருதேன்.”

“படைத்ததைத் தொடலாகாது. நாளை மறுபூஜை முடியட்டும்” என்றேன்.

“சரி. அப்ப வண்டி நாளைக்கு வரைக்கும் இங்கனயே நிக்கட்டும்.”

ஆனால் பூஜை முடிந்ததும் சக்கரத்தடி எலுமிச்சைகள் நசுங்க வண்டியை நகர்த்தியாயிற்று. நகர்ந்த வண்டி சிவன் சந்நிதிக்குப் போனால் என்ன குறை? மாலையில் இவளுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலுக்குப் புறப்படுகிறேன்.

2.10.2025, வியாழன். ஸ்ரீவில்லிபுத்தூர், மருத்துவமனை.

சுந்தரம்மாள் கண் விழிக்கவில்லை.

மேலே எழுதிய வரியை நானே நம்பாமல் பார்க்கிறேன். என்ன நடந்தது? நேற்று மழைத் தூறல். ஊர்வலக் கூட்டத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் விரற்கிடை இறக்கியிருந்தேன். குழாய் உறுமியது, புதிதல்லவா, அப்படித்தான் என்று எண்ணினேன். புகை நாற்றம் — அதையும் அப்படியே எண்ணினேன்.

“என்னங்க, தலைய வலிக்கி. கண்ணக் கட்டுது.”

விரதக் களைப்பு, தூங்கட்டும் என்று விட்டேன். பக்கத்தில் அமர்ந்து பதிகம் பாடிக்கொண்டே ஓட்டினேன். ஐயோ, பாடிக்கொண்டே!

கோயில் வாசலில் எழுப்பினேன். எழவில்லை. பூக்காரி ஒருத்திதான் கதவைத் திறந்தாள். “ஏ அய்யா, உள்ள என்ன இம்புட்டுப் புகை! அம்மாவ வெளிய தூக்குங்க!”

புகை நச்சு என்றார் மருத்துவர்.

3.10.2025, வெள்ளி.

பாண்டிதுரை கோயில் வாசலில் நின்ற வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். சென்சார் துளையை விட்டுக் கழன்று, ஒயரில் தொங்குகிறதாம். அந்தத் துளை வழியே வந்த புகைதான் ஏசி வழியாக உள்ளே புகுந்திருக்கிறது.

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். “நீங்க சொன்னா என்னப்பா, நான் எடுத்து இறுக்கிருக்கணும்” என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படைத்த கருவியைத் தொடலாகாது என்றேன். வண்டிக்கும் அன்று நான்தானே சந்தனம் இட்டேன்? அதுவும் படைத்த கருவிதானே? ஸ்பேனரைத் தொடவிடாத நான் அதை மட்டும் எப்படி ஓட்டிப் போனேன்? எந்த நூல் அப்படிச் சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன்.

4.10.2025, சனி.

விழித்தாள்! “சாமி கும்பிட்டாச்சா?” என்றாள்.



9.10.2025, வியாழன். இராஜபாளையம்.

வீடு வந்துவிட்டோம். நடக்கிறாள், உண்கிறாள். காரணத்தை அவளிடம் சொன்னேன். “அட, ஒரு இறுக்கு இறுக்காததுக்கா?” என்று சிரித்தாள். சற்றுப் பொறுத்து, “எதுக்குச் சிரிச்சேன்?” என்று கேட்டாள்.

20.10.2025, திங்கள். தீபாவளி.

புகையால் வந்த மறதி தேறச் சில மாதமாகலாம், தேறாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர்.

மணமான நாள் முதல் விடியலில் பதிகத்தில் நான் ஓர் அடி பாடுவேன். அடுத்த அடியை அவள் பாடுவாள். இன்று விளக்கேற்றிவிட்டு முதல் அடியைப் பாடினேன். உதடு அசைய என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்து என்னங்க வரும்?”

அடுத்த அடி எனக்குத் தெரியும். முதல் அடியையே மறுபடி பாடினேன்.