ராத்தாவைப் பார்க்க வந்தவவுக்குப் போட்ட பிரெஞ்சுக் கோப்பி

ஜனவரி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடல் இரைச்சல் குசினி அடுப்பு வரைக்கும். வாப்பா இன்றைக்கும் தோணி இறக்கவில்லை. விறாந்தையில் இருந்து வலை பொத்துகிறார்.

அடுத்த வீட்டு ஜெசீமா மாமி குடையோடு வந்தா. ராத்தாவுக்கு, என் மூத்தவளுக்கு, ஒரு சம்பந்தம். மாப்பிள்ளைக்கு பிரான்ஸில் சாப்பாட்டுக் கடை வேலை. ஞாயிறு அவருடைய உம்மா பார்க்க வருகிறா. அவவும் அங்கே இருப்பவதான். குளிர் மாதங்களுக்கு மட்டும் ஊருக்கு வந்து நிற்பாவாம்.

"வீடு கேக்கல்ல. புள்ளயக் கூட்டிப் போயிருவாங்க. வீடு என்னத்துக்கு?"

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ராத்தாவின் வீடு பின்வளவில் நாலு சுவர். கூரை இல்லை. ஆறு வருசமாக அப்படியே. உள்ளே ஆமணக்கு முளைத்து நிற்கிறது. மூன்று சம்பந்தம் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ராத்தாவுக்கு இருபத்தெட்டு.

மாமி முன்னால் வைத்தே உம்மா சொன்னா: "இழுப்பப் பத்தி ஒருத்தரும் வாயத் துறக்கப்படா." மாரி வந்தால் ராத்தாவுக்கு மூச்சு இழுக்கும். மற்ற மாதம் ஒன்றுமில்லை.

மாமி என்னைப் பார்த்துச் சிரித்தா. "இவளுக்கு ஏன்கா சொல்றீங்க? இவளுக்குப் போனுக்குப் போடுற மாதிரி காட் போட்டாத்தான் கதைப்பாள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜனவரி 6, செவ்வாய்

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

மாமி மறுபடியும். "பிரான்ஸில இரிந்து வந்தவவுக்கு பிளேன்டீயும் கிறீம் கிறேக்கருமா குடுக்கப் போறீங்க?" கோப்பி போட வேண்டுமாம், அவர்களுடைய முறையில். இந்த வீட்டில் கோப்பி என்றால் நான்தான்.

ராத்தாவும் நானும் ஒரே போர்வைக்குள் இருந்து போனில் வீடியோ பார்த்தோம். ஒரு பெண் தமிழில் சொல்கிறா, குளிருக்கு வீட்டிலேயே போடும் பிரெஞ்சுக் கோப்பிகள். யன்னலுக்கு வெளியே அவவுக்குப் பனி. எழுதிக்கொண்டேன்:

1. பால் கோப்பி. கடும் கோப்பி பாதி, சுடுபால் பாதி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். பிடியில்லாத பெரிய கோப்பை. காலையில் மட்டும்.
2. சின்னக் கோப்பையில் கறுப்பு, ஒரு சொட்டுப் பால். ஏதோ ஒரு கொட்டையின் நிறம் வர வேண்டுமாம். அந்தக் கொட்டையை நான் கண்டதில்லை. வாப்பா தோணிக்கு அடிக்கிற வார்னிஷ் நிறமாக எடுத்துக்கொண்டேன்.
3. கண்ணாடிச் சாடியில் நாலு நிமிடம் ஊறவிட்டு, மேலே இருந்து மண்டியை அமத்துவது. சாடி இல்லை. தண்ணீர் யக்கும் தேயிலை வடிகட்டியும்தான்.
4. அடித்த கிறீம் மேலே.
5. சாராயம் ஊற்றுவது. தவ்பா. வெட்டிவிட்டேன்.

எழுத்து அழகாக வந்திருக்கிறது. பத்தாம் ஆண்டில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். சத்தம் வரவில்லை. வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும். எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால் இன்னும் படித்துக்கொண்டிருப்பேனோ தெரியாது.

ஜனவரி 8, வியாழன்

தூறல்.

நாலாவது சரிவரவில்லை. டின் கிறீமைப் போத்தலில் போட்டுக் கை வலிக்கக் குலுக்கினேன். கோப்பியில் விட்டதும் கரைந்து போயிற்று. இரண்டாவது கசப்பு, வாப்பா துப்பிவிட்டார்.

முதலாவது நன்றாக வந்தது. பசும்பால், கடும் கோப்பி, சூப் கோப்பை. பாணில் பட்டர் பூசி அதில் தோய்த்துத் தின்ன வேண்டுமாம்.

ராத்தா: "நாம தோய்ச்சாப் பட்டிக்காடு. அவங்க தோய்ச்சா பேஷன்." மூன்று துண்டு தின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அங்க பனிக்கு மூக்க மூடிக்கிட்டுப் போகலாந்தானே?"

ஓம் என்று தலையாட்டினேன்.

ஜனவரி 10, சனி

ராத்தாவுக்குக் காலையில் கொஞ்சம் இழுப்பு. வாய்க்குள் அடிக்கிற பம்ப் இரண்டு தரம். பிறகு பாலில்லாத கோப்பி, இரண்டு கரண்டி சீனியோடு, கடுமையாக அரைக் கோப்பை. பத்து வயதிலிருந்து நான்தான் அவளுக்குப் போட்டுக் கொடுப்பது. மூச்சு இறங்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். சொல்ல ஒன்றும் தேவையில்லாத வேலை.

உம்மா பம்பை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டா. நாளைக்கு வெயில் கேட்டு துஆ.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில்! பத்து மணிக்கு வந்தார்கள், அந்த உம்மாவும் ஜெசீமா மாமியும். நல்ல மனுசி. மெல்லிய குரல். ராத்தா நீல அபாயா. மூச்சு ஒழுங்காக. சிரித்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

கோப்பி கொண்டுபோய் வைத்தேன். அவ இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கி, பாணைத் தோய்த்து, கண்ணை மூடிச் சாப்பிட்டா. மாமி உம்மாவைக் கிள்ளினா.

"ஆரு போட்ட?"

"எங்கட சின்னவள்."

வந்தவ என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. "நான் வந்து ரெண்டு மாசம், இப்பிடி ஒரு கோப்பி குடிக்கல்ல. எங்க, மகள், பழகின?"

வெளி ஆள் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. பதிலும் தெரிந்திருந்தது. சத்தம் வந்தது.

"ராத்தாக்கு மாரியில இழுப்பு வரும். அதுக்குப் போட்டுப் போட்டுத்தான்."

மாமி இருமினா. உம்மா கையிலிருந்த தட்டம் சரிந்தது. ராத்தா தரையைப் பார்த்தாள்.

அவ கோப்பையை மெதுவாக வைத்தா. "அதுக்கென்ன, அல்லாஹ் லேசாக்குவான்." போகும்போது என் கையில் ஒரு சொக்கலேட். பிரிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மறுபடியும் மழை.

மாமி வாசலில் நின்றே சொன்னா. "அங்க குளிருக்கு நல்ல மனுசருக்கே மூச்சு அடைக்குமாம். புள்ளயக் கொண்டுபோய் வருத்தக்காரியாக்க ஏலாதாம். நல்லபடியாத்தான் சொன்னாங்க." பிறகு என்னைப் பார்த்து: "கோப்பி அருமையாம். அதையும் சொல்லச் சொன்னா."

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். உம்மா சூப் கோப்பைகளைக் கழுவித் தாளில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தா. வாப்பா பின்வளவுக்குப் போய் ஆமணக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார். என்னத்துக்கோ.

குசினியில் ராத்தா: "நீ பொய்யா சொன்ன?"

"இல்ல."

"அப்ப ஏன் அழுற?"

கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 15, வியாழன்

அடை மழை. பின்வளவுச் சுவருக்குள் தண்ணீர்.

விடிய சுபஹ் தொழுகையிலிருந்து ராத்தாவுக்குக் கடும் இழுப்பு. பம்பில் இப்போதும் அரிசித் தவிடு. தண்ணீர் கொதிக்க வைத்தேன். கை பழக்கத்தில் பாலையும் அடுப்பில் வைத்துவிட்டது. அவள் தலையை ஆட்டி, சின்னக் கோப்பையைக் காட்டினாள். கடும் கோப்பி. பால் இல்லை. யன்னலடியில் இருந்து குடித்தாள். முதுகைத் தடவினேன். தள்ளிவிடவில்லை.

மூச்சு இறங்கியது. கோப்பையைத் தந்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடியில் ஒரு மிடறு மிச்சம். குடித்துப் பார்த்தேன். சீனி போடவே இல்லை நான். அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறாள்.