குழுவில் கும்பிட்ட கைகள்

ஏளா, என் சிநேகிதி,

இன்று மதியம் நம் ஊர்க்காரர்களின் கைப்பேசிச் சங்குக் குழுவில் அதே படம் மறுபடியும் வந்தது. கூம்பு வடிவில், மேலே பழுப்பு வலை பின்னியதுபோல் ஒரு சங்கு. "உயிருள்ளது. பிள்ளைகள் கையில் வைத்து விளையாடலாம்" என்று குழுவை நடத்தும் அண்ணாச்சி எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கை பொம்மைகள்.

போன வருஷம், காய்ச்சல் உன்னைக் கொண்டுபோவதற்கு முன்பு, இதே படத்துக்குத்தான் நீ எழுதினாய்: "அண்ணாச்சி, இது விஷ முள்ளால் குத்தும். உயிரே போகலாம்." நூலகத்து விலங்கியல் புத்தகத்தில் நாம் சேர்ந்து படித்தது. "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்றார் ஒருவர். அண்ணாச்சி உன்னை நீக்கினார். பிறகு ஒவ்வொருவராகத் தனிச்செய்தியில் வந்தார்கள்: "நீ சொன்னதுதான் சரி பாப்பா. பொதுவுல வேண்டாம்."

நீ சிரித்தாய். எனக்கு வரவில்லை. தெரியாதவர்கள் என்றால் மன்னிக்கலாம். இவர்களுக்குத் தெரியும்!

நீ காட்டிய வெளிநாட்டுச் சங்குக் குழுவை நினைத்துக்கொண்டேன். ஒரு சங்கின் பெயரை நீ மாற்றிப் போட்டிருந்த முதல் பதிவுக்கு ஒரு டச்சுக்காரம்மா "தப்பு" என்று மட்டும் எழுதினாள். ஒரு ஜப்பான்காரர் நலம் விசாரித்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு, கடைசி வரியில் அதே தப்பைச் சுட்டிக்காட்டினார். "ஒவ்வொருத்தரும் அவங்க ஊர்ப் பழக்கத்தோடதான் உள்ள வாராங்க. நாம வாசல்ல செருப்போட சேத்து வாயையும் கழட்டி வெச்சிட்டு வாரோம்" என்றாய்.

இன்று உன் எச்சரிக்கை வரியையே நான் குழுவில் எழுதினேன். "நீயுமா?" என்றார் அண்ணாச்சி. அப்போது எங்கள் திரேஸ்புரம் தெருக்கோடி அக்கா ஒரு வாளியின் படத்தைப் போட்டாள். "வலையில வந்துச்சு. இதுவும் அதானா? எம்புள்ள கைய விட்டுத் துழாவிக்கிட்டு நிக்கா."

குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரிடமிருந்து எனக்கு மட்டும் தனிச்செய்தி வந்தது: "அதேதான் பாப்பா. நீ அவகிட்ட சொல்லிரு."

நான் பதிலைத் தட்டி முடிப்பதற்குள் என்னை நீக்கிவிட்டார்கள். ஓடினேன். பிள்ளையின் கையை வாளியிலிருந்து இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை என்னைத் திட்டி அழுதாள்.

எனக்கு வந்த தனிச்செய்தியைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: "ஏளா, அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டா இருந்தாவ?"

"ஆமாக்கா" என்றேன்.

உன்னைப்போல் சிரித்துக் கடக்க எனக்கு இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். நீ எழுதிய அந்த எச்சரிக்கை வரி என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் படகுகள் கரையேறும்போது அண்ணாச்சியும் வருவார்; அவர் முன்னால் நின்றே அதைச் சத்தமாகச் சொல்லப்போகிறேன்.