ஆரணிக்குக் கஜு ஒத்துவராதது உன் குற்றமில்லை, அக்கா

என் அருமை அக்காவுக்கு,

உன் இரண்டாம் ஆண்டுத் திவசத்தன்று வெள்ளவத்தையில் உன் வீட்டில் இருந்தவர்கள்: அத்தான், அவருடைய தமக்கையான மச்சாள், பூசைக்கு வந்த ஐயர், நான், உன் மகள் ஆரணி. ஐயர் போன பிறகுதான் எல்லாம் நடந்தது.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். போனவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று உனக்குக் கஜு, அதுதான் முந்திரிப் பருப்பு, போட்ட பாயாசம் வைத்தேன். கஜு வாயில் பட்டாலே ஆரணிக்கு உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். அவள் என்ன தின்றாள், என்ன செய்தது என்று நாள்தோறும் கொப்பியில் எழுதுகிறவள் நான். அப்படியிருந்தும் வைத்தேன்.

மச்சாள் ஒரு கரண்டி அள்ளிப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனா. "தாய்க்குப் படைச்சது பிள்ளைக்கு என்ன செய்யப்போகுது?"

கரண்டியைத் தட்டிவிட்டேன். மச்சாளின் சேலையெல்லாம் பாயாசம்.

"பிள்ளையை வயித்தில வச்சுக்கொண்டு உன்ர அக்கா கண்டதெல்லாம் திண்டவள். அது பிள்ளையின்ர ஜீனில ஏறிப்போச்சு. எபிஜெனடிக்ஸ் எண்டு போனில வாசிச்சனான். பத்தாம் வகுப்போட நிண்ட உனக்கு விளங்காது."

"ஓம் மச்சாள். அதாலதான் நான் அகராதி வச்சு முழுசா வாசிச்சனான்."

வாசித்தேன் அக்கா. மரபணுவின் எழுத்து மாறுவதில்லையாம். அதன்மேல் விழும் அடையாளங்கள் சில மரபணுக்களை வேலைசெய்ய விடும், சிலதை அடக்கும். தாயின் சாப்பாட்டுக்கும் அதில் பங்கிருக்கலாம். காற்றுக்கும், புகைக்கும், பிறந்தபின் குடலில் சேரும் கிருமிகளுக்கும் இருக்கலாம். எதற்கு எவ்வளவு என்று ஆராய்கிறவர்களே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. மச்சாள் தீர்ப்பே எழுதிவிட்டா. நீ சுமந்த காலமெல்லாம் அத்தான் பக்கத்திலிருந்து ஊதிய சிகரெட்டைப் பற்றி யார் கதைத்தார்கள்? செத்தவள் எதிர்த்துக் கதைக்கமாட்டாள் என்ற துணிவுதானே?

பிறகு ஆரணி என் கையைப் பிடித்தாள். "சித்தி, அம்மா சாப்பிட்டதாலயா எனக்கு இப்பிடி?"

அத்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையம்மா" என்றேன். பிள்ளையார் மன்னிக்கட்டும், அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது?

இனி உன் படையலில் அவள் சாப்பிடக்கூடியது மட்டும்தான் இருக்கும். உன் பெயரில் பழிபோட்டு அவளை வளர்க்க ஒருவரையும் விடமாட்டேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்கிறேன், அத்தானும் வாசிப்பார். அத்தான், பிள்ளை உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவள் கேட்பதற்கு முன் எனக்குப் பதில் தாருங்கள்.

உன் தங்கச்சி,
ஆரணியின் சித்தி